மிண்டி கேலிங்: எழுதி எழுதியே நடிகையானவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நம்மில் பலருக்கு அமெரிக்க எழுத்தாளரும் நடிகையுமான மிண்டி கேலிங்கின் பெயர், அவர் உருவாக்கி 2020-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர் வழியாகத்தான் தெரியும். ஒரு தமிழ்ப் பெண்ணை நாயகியாக வைத்து அமெரிக்கத் தொடரா என்று ஆச்சரியப்பட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் அந்தத் தொடருக்கு முன்னால் 15 வருடத்துக்கும் மேலான எழுத்து உழைப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

மிண்டி கேலிங் தமிழரா?

அப்பா தமிழர், அம்மா வங்காளி. அப்பா ஆவுடையப்பன் சொக்கலிங்கம் கட்டடக் கலைஞர். அம்மா ஸ்வாதி, மகப்பேறு மருத்துவர். இருவரும் சந்தித்தது இந்தியாவில் இல்லை, நைஜீரியாவில். அங்கே அம்மா வேலை பார்த்த மருத்துவமனையின் கட்டடப் பணியை அப்பா கவனித்துக்கொண்டிருந்தார். 1979-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே வருடம் ஜூன் 24-ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் ஊரில் மிண்டி பிறந்தார். ஓர் அண்ணன் உண்டு.

முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். 'மார்க் அண்ட் மிண்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து அம்மா வைத்த பெயர்தான் மிண்டி. 'கேலிங்' வந்தது பிறகு. மேடை நகைச்சுவை செய்யத் தொடங்கியபோது, அறிமுகப்படுத்துபவர்கள் சொக்கலிங்கத்தைச் சொல்லத் தெரியாமல் திணறினார்கள். முன்னும் பின்னும் வெட்டிவிட்டு நடுவில் இருந்ததை வைத்துக்கொண்டார்.

நடிகையாக வந்து எழுத்துக்குப் போனாரா, எழுதிக்கொண்டிருந்து நடிக்க வந்தாரா?

எழுத்துதான் முதலில். இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே புரிந்துவிடும். நடிப்பு வாய்ப்பு தேடி அலைந்து, யாரோ ஒருவர் கண்ணில் பட்டு மேலே வந்தவர் அல்ல அவர். அவரைப் போன்ற தோற்றமுள்ள ஒரு பெண்ணுக்கு அன்று யாரும் நல்ல வேடம் எழுதவில்லை, அதனால் அவரே உட்கார்ந்து எழுதினார். அந்த வேடத்தில் அவரே நடித்தார்.

டார்ட்மத் கல்லூரியில் நாடக எழுத்து படித்தார். அங்கே கல்லூரிப் பத்திரிகையில் சித்திரத் தொடர் வரைந்தார், நகைச்சுவை இதழில் எழுதினார், மேடையில் அந்தந்த நேரத்தில் தோன்றுவதை நடித்துக்காட்டும் குழுவிலும் இருந்தார். 19 வயதில் நகைச்சுவையாளர் கோனன் ஓ'பிரையனின் இரவு நிகழ்ச்சியில் பயிற்சி மாணவி. 2001-இல் பட்டம் வாங்கியதும் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனார். கிடைத்த வேலை, இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஒருவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தயாரிப்பு உதவியாளர் வேலை.

'மேட் அண்ட் பென்' நாடகம் ஏன் அவ்வளவு முக்கியம்?

அது இல்லையென்றால் இன்றைக்கு இந்தப் பக்கமே இல்லை. கல்லூரித் தோழி பிரெண்டா விதர்ஸும் இவரும் சேர்ந்து எழுதிய நாடகம் அது. மேட் டேமன், பென் அஃப்லெக் என்ற இரண்டு ஹாலிவுட் நடிகர்கள் சிறுவயது நண்பர்கள். 'குட் வில் ஹன்டிங்' படத்துக்குத் திரைக்கதை எழுதி இருவரும் ஆஸ்கர் வாங்கினார்கள். நாடகத்தின் கற்பனை என்னவென்றால், அந்தத் திரைக்கதையை இவர்கள் எழுதவே இல்லை. முழுதாக எழுதி முடித்த பிரதி கூரையிலிருந்து தொப்பென்று அறையில் வந்து விழுகிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருவரும் அடித்துக்கொள்கிறார்கள்.

பிரெண்டா மேட் டேமனாகவும், மிண்டி பென் அஃப்லெக்காகவும் நடித்தார்கள். ஓர் இந்திய வம்சாவளிப் பெண் ஆண் வேடம் போட்டு, அன்றைய உச்ச நட்சத்திரங்களில் ஒருவராக மேடையில் நிற்கிறார். 'உன் தோற்றத்துக்கு இந்த வேடம்தான்' என்று சொல்ல அங்கே ஆளே இல்லை, ஏனென்றால் எழுதியவரே அவர்தான். 2002-இல் நியூயார்க்கின் ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் சிறந்த நாடகமாகத் தேர்வாகி, மறுவருடம் பெரிய மேடைக்குப் போனது. ஒரு காட்சியில் சண்டை போடும்போது மிண்டியின் கை பட்டுப் பிரெண்டாவின் மூக்கு உடைந்தே போனது.

'தி ஆபீஸ்' வாய்ப்பு எப்படிக் கிடைத்தது?

ஓர் அலுவலகத்தில் நடக்கும் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரான 'தி ஆபீஸ்'-ஐ அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்த கிரெக் டேனியல்ஸ் அந்த நாடகத்தைப் பார்த்தார். மிண்டி மாதிரிக்காக எழுதி வைத்திருந்த ஒரு திரைக்கதையையும் படித்தார். வேலைக்கு எடுத்துக்கொண்டார். அப்போது மிண்டிக்கு வயது 24. எட்டு எழுத்தாளர்களில் ஒரே பெண் அவர்தான்.

சிறுபான்மையினருக்கான திட்டத்தில் வந்தவர்தானே, திறமையால் வந்தவர் இல்லையே?

இந்தக் கேள்வி நம் ஊர் இட ஒதுக்கீட்டு விவாதத்தின் அதே குரலில் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடலாம்.

ஆமாம், தொடரை ஒளிபரப்பிய என்பிசி சேனல் நடத்திய ஒரு திட்டத்தின் வழியாகத்தான் அவர் உள்ளே வந்தார். எழுத்தாளர்களில் வெள்ளையர் அல்லாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், அவருடைய சம்பளத்தைத் தொடரின் பட்ஜெட்டில் கை வைக்காமல் சேனலே கொடுத்துவிடும். இதை மிண்டி எங்கும் மறைத்ததில்லை. ஆனால் நீண்ட நாள் அதை நினைத்து வெட்கப்பட்டதாகவும், மற்றவர்களுக்கு அறிமுகங்களால் கிடைத்த அதே வழிதான் தனக்கு இந்தத் திட்டத்தால் கிடைத்தது என்று பிறகுதான் புரிந்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நுழைவதற்குத் திட்டம் உதவியது. உள்ளே போன பிறகு அந்தத் தொடருக்காக அவர் எழுதியவை 20-க்கும் மேற்பட்ட எபிசோட்கள். அதை எந்தத் திட்டமும் எழுதித் தரவில்லை. கதவு திறந்தால் இப்படி ஒருவர் வருவார் என்றால், அத்தனை வருடம் மூடியிருந்த கதவுக்கு வெளியே எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

எழுதிக்கொண்டே நடிக்க எப்படி முடிந்தது?

அமெரிக்கத் தொடர்களில் ரைட்டர்ஸ் ரூம் என்று ஒன்று உண்டு. நம் சினிமாவின் கதை டிஸ்கஷன் மாதிரிதான், ஆனால் தினசரி அலுவலகம் போல நடக்கும். எல்லா எழுத்தாளர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எபிசோடை காட்சி காட்சியாகப் பலகையில் பிரித்துப் போடுவார்கள். பிறகு ஒருவர் மட்டும் தனியே போய் முழுதாக எழுதிக்கொண்டு வருவார். அது திரும்ப மேசைக்கு வரும். எல்லோரும் சேர்ந்து வரி வரியாகத் திருத்துவார்கள். பெயர் ஒருவருடையதாக இருந்தாலும் நகைச்சுவை பலருடையது. அந்த அறையில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தால் வேலை நடக்காது.

'தி ஆபீஸ்'-இல் முக்கியமாக மூன்று பேர் எழுதவும் நடிக்கவும் செய்தார்கள்: கெல்லியாக மிண்டி, ரயனாக பி. ஜே. நோவக், டோபியாக பால் லீபர்ஸ்டீன். தொடரைக் கவனமாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கெல்லியும் டோபியும் முன் ஹாலில் இருக்க மாட்டார்கள்; பின்னால் ஒரு தனி அறையில் இருப்பார்கள். பின்னாளில் ரயனும் அங்கேயே போய்விடுவான். முன் ஹாலில் இருப்பவர்கள் ஒவ்வொரு ஷாட்டிலும் பின்னணியில் தெரிய வேண்டும், நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழ முடியாது. எழுத்தாளர்களைப் பின்னறையில் போட்டுவிட்டால், அவர்கள் காட்சி முடிந்ததும் எழுதப் போய்விடலாம். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

கெல்லி கபூர் இந்தியப் பெண்களைக் கிண்டல் செய்யும் பாத்திரம் இல்லையா?

முதலில் கெல்லி தோன்றுவது 2005-இல் வந்த இரண்டாவது எபிசோடில். அலுவலகத்தில் இனப் பாகுபாடு பற்றிய பயிற்சி நடக்கிறது. மேனேஜர் மைக்கேல், இந்தியக் கடைக்காரர் பேசுவதுபோல கேவலமாக நடித்துக்காட்டுகிறார். கெல்லி பளாரென்று ஓர் அறை விடுகிறாள். அவ்வளவுதான் அவள் பங்கு. உடையும் தலைவாரலும் அடக்கமாக இருக்கும், யாரென்றே தெரியாது.

அந்த அமைதியான கெல்லி சீக்கிரமே காணாமல் போனாள். இரண்டாவது சீசனுக்குள் வாய் ஓயாமல் பேசுகிற, ஹாலிவுட் கிசுகிசு எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற, ரயனை விடாமல் துரத்துகிற கெல்லி வந்துவிட்டாள். அன்றைக்கு அமெரிக்கத் திரையில் இந்தியர் என்றால் டாக்டர், கணக்கில் புலி, டாக்ஸி ஓட்டுபவர். கெல்லி இதில் எதுவுமே இல்லை. அவள் அசடு, ஆனால் அவளுடைய அசட்டுத்தனத்துக்கும் அவள் இந்தியர் என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. இதைக் கிண்டல் என்று என்னால் ஏற்க முடியவில்லை, விடுதலை என்றுதான் சொல்வேன்.

தீபாவளி எபிசோடைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே?

2006 நவம்பரில் ஒளிபரப்பானது; எழுதியது மிண்டி. கெல்லி அலுவலகம் முழுவதையும் தீபாவளிக் கொண்டாட்டத்துக்குக் கூப்பிடுகிறாள். மைக்கேல் பெருமையாக எல்லோரையும் உட்காரவைத்து, 'இந்தப் பண்டிகை எப்படி வந்தது, சொல்' என்று கேட்கிறார். கெல்லிக்குத் தெரியாது. ரொம்பப் பழசு என்று நினைக்கிறேன் என்கிறாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாடு, நடனம், ஜிகினா வைத்த புது உடை.

இந்த இடத்தில் வேறு ஓர் எழுத்தாளராக இருந்தால் ராமாயணத்தைச் சொல்லவைத்து, பார்வையாளருக்குப் பாடம் நடத்தியிருப்பார். மிண்டி அதைச் செய்யவில்லை. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் விருந்தாளி ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் எந்தப் பதில் வருமோ அதையே எழுதினார். அப்புறம் கொண்டாட்டத்தில் கெல்லியின் பெற்றோராக வருபவர்கள் மிண்டியின் சொந்த அப்பா அம்மா. ரயனை உட்காரவைத்து வருங்காலத் திட்டம் என்ன என்று அவர்கள் விசாரிக்கும் காட்சியைப் பார்த்தால், நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.

அதே தொடரில், அலுவலகக் காதல் ஜோடியான ஜிம்முக்கும் பேமுக்கும் கல்யாணம் நடக்கும் 'நயாகரா' எபிசோடை கிரெக் டேனியல்ஸும் இவரும் சேர்ந்து எழுதினார்கள். 2010-இல், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி எழுத்து விருதுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. விருது 'மாடர்ன் ஃபேமிலி' என்ற தொடருக்குப் போனது.

எம்மி தயாரிப்பாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கப் பார்த்தார்கள் என்பது உண்மையா?

2019-இல் ஒரு பேட்டியில் அவரே சொன்னது இது. 'தி ஆபீஸ்' எம்மிக்குப் போனபோது தயாரிப்பாளர்கள் அதிகம் என்று சொல்லித் தன் பெயரை நீக்கவிருந்தார்கள் என்றார். தன் பங்களிப்பு என்ன என்று படிவம் நிரப்பி, கட்டுரை எழுதி, மற்ற தயாரிப்பாளர்களிடம் கடிதமும் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். யாரையும் தனியாகக் குறிவைக்கவில்லை, நடிக்கவும் எழுதவும் செய்த எல்லோருக்கும் அதே விதிதான் என்று விருது வழங்கும் அகாடமி பதில் சொன்னது. எழுதி நடித்த மற்ற ஆண்களுக்கு இது நடக்கவில்லை என்று மிண்டி மறுபடி எழுதினார். கடைசியில் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. அத்தனை எபிசோட் எழுதிய ஒருவர் வேலை செய்ததற்குச் சாட்சி தேட வேண்டியிருந்தது என்பதைப் படிக்கும்போது கோபம்தான் வருகிறது.

'தி மிண்டி ப்ராஜெக்ட்' என்ன கதை?

மிண்டி லஹிரி ஒரு மகப்பேறு மருத்துவர். வேலையில் கெட்டிக்காரி. காதல் விஷயத்தில் மட்டும், சின்ன வயதிலிருந்து பார்த்த ரொமான்டிக் காமெடிப் படங்களையே வேதமாக நம்புகிறவள். முதல் எபிசோடில் முன்னாள் காதலனின் கல்யாணத்துக்குப் போய், குடித்துவிட்டு வாய்க்கு வந்தபடி பேசி, சைக்கிளோடு நீச்சல் குளத்தில் விழுகிறாள். தண்ணீருக்கு அடியில் ஒரு பார்பி பொம்மை அவளுக்குப் புத்தி சொல்கிறது.

நாயகியின் தொழில் அம்மாவின் தொழில். அந்த அம்மா 2012 ஜனவரி இறுதியில் கணையப் புற்றுநோயால் காலமானார். ஃபாக்ஸ் சேனல் இந்தத் தொடருக்குப் பச்சைக்கொடி காட்டியதும் அதே நாளில்தான். செப்டம்பரில் தொடர் வந்துவிட்டது. அமெரிக்காவின் பெரிய சேனல் ஒன்றில் தானே உருவாக்கி, தானே நாயகியாக நடித்த முதல் தெற்காசிய வம்சாவளிப் பெண் மிண்டிதான். மூன்று சீசனுக்குப் பிறகு ஃபாக்ஸ் கைவிட்டது, ஹூலு என்ற இணையத் தளம் எடுத்துக்கொண்டது. 2017 நவம்பரில் ஆறாவது சீசனோடு முடிந்தபோது மொத்தம் 117 எபிசோட்கள்.

அவருடைய நாயகிகள் ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பையன்களையே காதலிக்கிறார்கள்?

நியாயமான விமர்சனம். 'தி மிண்டி ப்ராஜெக்ட்' ஓடிக்கொண்டிருந்தபோதே இது எழுந்தது. 2014-இல் ஒரு மேடையில், தொடரில் பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் ஏன் குறைவு என்று கேட்டபோது மிண்டிக்குக் கோபம் வந்தது. வெள்ளை நாயகர்களை வைத்துத் தொடர் எடுப்பவர்களிடம் யாரும் இப்படிக் கணக்குக் கேட்பதில்லையே என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதே நேரம், இந்தியப் பெண்ணை நடுவில் நிறுத்தியவர், இந்திய ஆணையும் காதலிக்கத் தகுந்தவனாக இன்னும் முன்னதாகவே காட்டியிருக்கலாம் என்பதும் என் எண்ணம்.

'லேட் நைட்' படம் அவருடைய சொந்தக் கதையா?

அப்படியே சொந்தக் கதை இல்லை, ஆனால் வலி சொந்தம். 2019-இல் வந்தது, எழுதி, தயாரித்து, நடித்தார். நாயகி மாலி படேல் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, எமா தாம்சன் நடிக்கும் பாத்திரம் நடத்தும் இரவு நிகழ்ச்சியில் எழுத்தாளராகச் சேர்கிறாள். அறை முழுக்க ஆண்கள். முதல் நாள் அவளுக்கு உட்கார நாற்காலி கூட இல்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காருகிறாள். எட்டுப் பேரில் ஒரே பெண்ணாக இருந்த ஒருவர் எழுதிய காட்சி என்று தெரிந்து பார்த்தால் அதன் கனம் வேறு.

இயக்கியவர் நிஷா கனாத்ரா. சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டியதும் அமேசான் 1.3 கோடி டாலர் கொடுத்து அமெரிக்க உரிமையை வாங்கியது. தியேட்டரில் அந்த அளவுக்கு ஓடவில்லை.

'நெவர் ஹேவ் ஐ எவர்' குடும்பம் உண்மையிலேயே தமிழ்க் குடும்பமா?

ஆமாம். தேவி விஸ்வகுமார், கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். பள்ளி இசை நிகழ்ச்சியில் அவள் ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பார்வையாளர் வரிசையில் இருந்த அப்பா மோகன் மாரடைப்பில் இறந்துபோகிறார். அந்த அதிர்ச்சியில் அவளுக்குக் கால்கள் கொஞ்ச காலம் செயலிழந்துவிடுகின்றன. கேட்டால் சோகக் கதை. பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கவைக்கும் தொடர். அம்மாவைப் பறிகொடுத்து எட்டு வருடம் கழித்து மிண்டி இதைக் கொண்டுவந்தார். துக்கம் பதினைந்து வயதில் கோபமாக, திமிராக, பொய்யாக வெளிவரும் என்பதை இவ்வளவு சரியாகக் காட்டிய நகைச்சுவைத் தொடரை நான் பார்த்ததில்லை. எழுத்தாளர் லாங் ஃபிஷரோடு சேர்ந்து உருவாக்கியது. நான்கு சீசன், 40 எபிசோட், 2023 ஜூனில் முடிந்தது.

தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிசிசாகாவைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோர் போரால் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன ஈழத்தமிழர்கள். யார் வேண்டுமானாலும் வீடியோ அனுப்பலாம் என்று மிண்டி விடுத்த அழைப்புக்கு வந்த 15,000 பேரில் தேர்வானவர் அவர். அதற்கு முன் திரையில் நடித்ததே இல்லை.

கணேச பூஜை எபிசோடை மட்டுமாவது பாருங்கள். முஸ்லிம் ஒருவரைக் கல்யாணம் செய்து பிறகு பிரிந்த ஜெயா ஆன்ட்டி, பூஜைக்கு வந்தவர்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருப்பார். யாரும் பக்கத்தில் போக மாட்டார்கள். வெளியிலிருந்து நம்மைப் பார்த்து எழுதுபவர்களுக்கு இந்தக் காட்சி தோன்றாது.

மிண்டிக்குத் தமிழ் தெரியுமா?

அப்பாவுக்குத் தமிழ், அம்மாவுக்கு வங்காளம், வீட்டில் இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம். ஆங்கிலத்திலேயே வளர்ந்தார். 2019 நவம்பரில் கமலா ஹாரிஸோடு சேர்ந்து மசாலா தோசை செய்யும் வீடியோ ஒன்று வந்தது. தங்கள் இரண்டு வீட்டிலும் காலியான காபித்தூள் பாட்டில்களில் மசாலாச் சாமான்களைப் போட்டு வைக்கும் பழக்கம் இருந்ததை அதில் இருவரும் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். மிண்டியின் அப்பாவும் அதில் தலைகாட்டுவார்.

தோல்விகளே இல்லையா?

இருக்கின்றன. 2018-இல் வந்த 'சாம்பியன்ஸ்' தொடர் ஒரே சீசனில் நின்றது. 2023-இல் அவர் குரல் கொடுத்த 'வெல்மா' கார்ட்டூன் தொடரைப் பெரும்பாலானோர் வெறுத்தார்கள்.

இப்போது என்ன செய்கிறார்?

நடிப்பதைக் குறைத்துக்கொண்டு, மற்றவர்கள் நடிக்கத் தொடர்களை உருவாக்குகிறார். 'தி செக்ஸ் லைவ்ஸ் ஆஃப் காலேஜ் கேர்ள்ஸ்' மூன்று சீசன் ஓடியது. 2025 பிப்ரவரியில் கேட் ஹட்சன் நடித்த 'ரன்னிங் பாயின்ட்' நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. கூடைப்பந்து அணியை நிர்வகிக்கும் பெண்ணின் கதை. தயாரிப்பாளர்களில் ஒருவராக 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்' இசை நாடகத்துக்கு 2022-இல் அமெரிக்க மேடை நாடகங்களுக்கான டோனி விருது வாங்கினார். 2023 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் தேசியக் கலைப் பதக்கம் பெற்றார். 2025-இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதித்தார்கள்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

குடும்பத்தோடு என்றால், உணர்ச்சிகளே பாத்திரங்களாக வரும் 'இன்சைட் அவுட்' அனிமேஷன் படத்தின் முதல் பாகம். அதில் அருவருப்பு என்ற உணர்ச்சிக்குக் குரல் கொடுத்தவர் மிண்டி. பதின்வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 'நெவர் ஹேவ் ஐ எவர்', ஆனால் முதல் எபிசோடை நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பேச்சு கொஞ்சம் தாராளம்.

எழுத ஆசைப்படுபவர் என்றால் 'தி ஆபீஸ்' இரண்டாவது சீசனில் 'தி இஞ்சுரி' எபிசோடைப் பாருங்கள், இரண்டு முறை. மைக்கேல் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்த கிரில் அடுப்பில் காலைச் சுட்டுக்கொண்டு, அலுவலகமே தன்னைக் கவனிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார். நிஜமாக மண்டையில் அடிபட்ட சக ஊழியர் ட்வைட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். முதல் முறை சிரித்துவிடுங்கள். இரண்டாம் முறை, ட்வைட்டுக்கு ஏதோ சரியில்லை என்பதற்கான அடையாளங்களை மிண்டி எந்தெந்தக் காட்சியில் நுழைத்திருக்கிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள்.